டீச்சர் பதில்கள்: பள்ளிக்கு என்ன கொடுப்பது?

(கோவை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகளுக்கு ஊரார் உதவுவதைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.)

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுக்க மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு வண்ணம் பூசி, சுவரில் படங்கள் வரைந்து கொடுத்தோம். தலைமையாசிரியை நன்றி சொன்னார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சியே தெரியவில்லை. எங்களிடம் என்ன குறை? (வாசகர், சரவணம்பட்டி)

பதில்: குறை ஒன்றும் இல்லை, தம்பி. அந்தச் சுவருக்கு நீங்கள் எத்தனையாவது கம்பெனி என்று மட்டும் அவரிடம் கேட்டிருக்கலாம். சாலையைப் பார்த்த சுவர் என்றால் முதலாவதாக இருக்க வாய்ப்பில்லை. நான் இருந்த ஒரு பள்ளியில் சோட்டா பீம் மேல் டோரேமானும், டோரேமான் மேல் உலக வரைபடமும், அதற்கு மேல் யாரோ ஒரு வங்கிக்காரர்கள் வரைந்த மரமும் ஏறின. சுரண்டினால் தொல்லியல் துறைக்கு வேலை இருக்கும். அதே சுவருக்குப் பின்னால், மாணவிகள் கழிப்பறைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டியில் மிதவை உடைந்து கிடந்தது. காலையில் தொட்டி நிரம்பி வழியும், மதியத்துக்குள் காலியாகிவிடும். சில நூறு ரூபாய் வேலை. ஆனால் அந்தச் சில நூறுக்கு பிளம்பர் வரமாட்டார். வந்தாலும் பணம் எப்போது கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாது.

நீங்கள் முப்பது பேரும் மாதம் 200 ரூபாய் போட்டால் 6,000 ரூபாய். ஒரு பிளம்பரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் மாதம் ஒருமுறை பள்ளிக்குள் நடக்கவிட்டு, உடைந்ததை அன்றே மாற்ற அது போதும். மீதியில் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்குப் பினாயிலும், கையுறையும், கொஞ்சம் கூடுதல் கூலியும். இதை ஒரு சனிக்கிழமை செய்துவிட்டுப் போக முடியாது, மூன்று வருடமாவது தொடர வேண்டும். போட்டோவுக்கும் இதில் ஒன்றும் இல்லை. மாற்றிய வாஷரைப் படம் பிடித்து யார் போடுவார்கள்?

அடுத்த முறை போகும்போது மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். பிள்ளைகள் போன பிறகு தலைமையாசிரியைக்குப் பேச நேரம் இருக்கும். "என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். கேட்டால், நீங்கள் கொடுக்க நினைப்பதை ஊகித்து அதையே சொல்லிவிடுவார். "அடிக்கடி எது உடைகிறது" என்று கேளுங்கள்.

கேள்வி: வரியும் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பும் நாமே அடிக்க வேண்டுமா? அரசாங்கம் எதற்கு? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கோபம் நியாயமானது, கைவிடாதீர்கள். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் கல்வி வரியும் உண்டு. வருமான வரி கட்டுகிறவர் என்றால் சுகாதாரம், கல்விக்கென்று 4 சதவீதம் மேல்வரியும் கொடுக்கிறீர்கள். ஆசிரியர் நியமனம், வகுப்பறைக் கட்டிடம், சத்துணவு மூன்றையும் எந்த நன்கொடையாளர் தலையிலும் கட்டக் கூடாது. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம். அந்த இடம் காலியாக இருக்கும்போது, ஊரார் சம்பளம் போட்டு ஒரு பெண்ணை வைத்துச் சமாளித்தால், அலுவலகத்தில் இருப்பவர்கள் அந்தக் காலியிடத்தை மறந்தே போய்விடுவார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

இன்னொன்று. நம் கொங்கு நாட்டுக்காரர்கள் கொடுப்பதில் சளைத்தவர்கள் அல்லர். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாவது பங்கை அறத்துக்கு என்று ஒதுக்கி, 1926-இல் அறக்கட்டளை தொடங்கிய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயம் என்ற கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ஆனால் இந்தப் பெருந்தன்மை பெரும்பாலும் புதிதாக ஒன்றைக் கட்டும் பக்கமே போயிற்று. பக்கத்திலேயே நிற்கும் நகராட்சிப் பள்ளியின் ஓட்டைக் குழாய் யார் கண்ணிலும் படவில்லை. கட்டுகிறவருக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பேர் செய்கிறவருக்கு ஏது?

கேள்வி: நூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் சி.எஸ்.ஆர். சட்டம் எங்கள் அளவுக்குப் பொருந்தாது. ஆனாலும் எங்கள் வார்டு பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர ஆசை. சரிதானா? (வாசகர், வேலம்பாளையம், திருப்பூர்)

பதில்: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதேனும் ஒன்றைத் தொட்டால்தான் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு ஒரு நிறுவனத்தைப் பிடிக்கும். பிடித்தால், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கட்டாயம் இல்லாமலேயே கேட்கிறீர்கள், உங்கள் மேல் மரியாதை வருகிறது. அதனால் பளிச்சென்று சொல்கிறேன்: ஸ்மார்ட் போர்டு அப்புறம் இருக்கட்டும்.

உங்கள் கம்பெனியில் செக்கிங்கிலும் கைமடிப்பிலும் இருக்கும் பெண்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களில் சிலர், பெற்றோர்கள் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகவே இருப்பார்கள். கூட்டம் வேலை நாளில், பிற்பகலில் நடக்கும். போனால் அரை ஷிப்ட் போச்சு, சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும். அதனால் போகமாட்டார்கள். குழுவில் இருபத்து நான்கு பேர் இருந்தும், கூட்டத்தில் வேலைக்குப் போகாத நான்கைந்து பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். திருப்பூரில் மட்டும் இல்லை, ஈரோட்டுத் தறிக்குடோனிலும் கோவைப் பவுண்டரியிலும் இதே நிலைதான்.

கூட்டம் உள்ள நாளில் அந்த அம்மாக்களைச் சம்பளத்தோடு இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள். நோட்டீஸ் போர்டில் எழுதியே போடுங்கள், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் விடமாட்டார். ஷிப்மெண்ட் நேரம் என்று சொல்லிவிடாதீர்கள். திருப்பூரில் ஷிப்மெண்ட் இல்லாத நாள் ஏது? உங்கள் முதலாளிகள் சங்கத்திலும் இதைப் பேசிப் பாருங்கள். ஒரு வார்டில் பத்துக் கம்பெனி இப்படிச் செய்தால் அந்தப் பள்ளியின் கூட்டம் வேறு மாதிரி ஆகிவிடும். ஸ்மார்ட் போர்டு வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அந்தக் கூட்டமே சொல்லும்.

கேள்வி: எங்கள் குவார்ட்டர்ஸில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று பள்ளிக்கே போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. சேர்த்துக்கொள்வார்களா? (கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்)

பதில்: சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, டி.சி. தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சிறப்புப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும். "முதல் வகுப்பில் உட்காரட்டும்" என்று யாராவது சொன்னால் இந்த மூன்று எண்களையும் மெதுவாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

தம்பியையும் கூடவே அங்கன்வாடிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் அவள் பத்து நாளில் நின்றுவிடுவாள். தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். விளையாட்டு மைதானத்தில் மூன்றே மாதத்தில் வந்துவிடும், வசவு முதலில் வரும். சிரமம் பெற்றோருக்குத்தான். பள்ளி அனுப்பும் சுற்றறிக்கையை அவர்களால் படிக்க முடியாது. உங்களிடம் ஒடியா எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் நிச்சயம் இருப்பார். மாதம் ஒரு தாளை அவரிடம் கொடுத்து எழுதி வாங்கித் தந்தால் தலைமையாசிரியர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு மேலாண்மைக் குழுவில் விகிதப்படி இடம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வெளிமாநிலத் தாய் ஒருவர் அங்கே உட்காருவதை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் வார்டில் தொடங்குங்களேன்.

கேள்வி: கிரைண்டர் பட்டறையில் வேலை செய்கிறேன். எட்டாவது வரை படித்தவள். என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுகிறார்கள், போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறேன். எனக்கு இதில் என்ன வேலை? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, சிங்காநல்லூர்)

பதில்: அம்மணி, இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் நாற்காலி யார் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைமையாசிரியர் தயவால் வந்தது இல்லை. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களை 20 பேர் கொண்டதாகத் திருத்தி அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு.

வேலை என்ன என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் எழுதுவது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. 22-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீங்கள் எழுதும் அந்தத் திட்டம்தான் அரசு தரும் நிதிக்கே அடிப்படையாக இருக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்தத் திட்டத்தை ஓர் ஆசிரியர் முந்தைய ஆண்டுத் தாளைப் பார்த்து இரவோடு இரவாக எழுதிவிடுவார். ஆண்டைத்தான் மாற்றியிருப்பார்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. தீர்மானம் தமிழில்தான் இருக்கும், எட்டாவது தாராளம். அது பழகிய பிறகு, "இந்த வருடம் பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது" என்று கேளுங்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் எண்ணிக்கைப்படி மானியம் உண்டு: 101 முதல் 250 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 50,000, அதற்கு மேல் 1,000 பேர் வரை 75,000 ரூபாய். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. சென்னையும் டெல்லியும் மல்லுக்கு நிற்கிற வருடங்களில் பணம் வராமலும் போகலாம். வரவில்லை என்றால் வரவில்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர் முகம் கொஞ்சம் சுருங்கும். பயப்படாதீர்கள், அவரும் ஒரு வகையில் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார். தலைமையாசிரியர் எழுதும் கடிதம் அலுவலகத்தில் கட்டோடு கட்டாகப் போய்விடும். அழுத்திக் கேட்டால் "மேடம், நீங்கள் எப்போது ஓய்வு பெறுகிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார்கள். என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். தாய்மார்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தோடு நாலு பேர் நேரில் போய், கொடுத்ததற்கு ரசீதும் கேட்டால் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. உள்ளாட்சிப் பிரதிநிதியும் உங்கள் குழுவில் உறுப்பினர்தான். கவுன்சிலர் வராவிட்டால் கூட்டத் தகவலை அவர் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், வேலை நடக்கும்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு கழிப்பறை மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்காகச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இட்லிக் கடை நடத்திய ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பூட்டு இல்லை.

டீயைக் கட்டாயம் குடியுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கெல்லாம் ஊரே சேர்ந்து அரசுப் பள்ளிகளைத் தாங்குகிறது என்கிறாள். நாம் ஏன் அப்படி இல்லை? (வாசகர், கரூர்)

பதில்: மகள் சொல்வது பாதி சரி. அங்கே ஒவ்வொரு பகுதியின் பள்ளிகளும் ஒரு தனிக் கல்வி மாவட்டம். பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த குழு அதை நடத்துகிறது, உள்ளூர்ச் சொத்து வரி அதற்குப் பெரிய வரவு. பணக்காரப் பகுதியில் பள்ளியும் பணக்காரப் பள்ளி. தொழில் படுத்த பழைய நகரங்களில் பள்ளியும் படுத்துவிடும். அங்கேதான் இந்தக் கூட்டு முயற்சிகளெல்லாம் பிறந்தன, எல்லாமே வெற்றியும் அல்ல.

பாஸ்டன் நகரில் 1982-இல் தொழில் நிறுவனங்களும் பள்ளி நிர்வாகமும் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலை தருகிறோம் என்றன நிறுவனங்கள். வருகையையும் தேர்ச்சியையும் கூட்டுகிறோம், இடையில் நிற்பதைக் குறைக்கிறோம் என்றது பள்ளி. 1988-இல் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நிறுவனத்தார் முரண்டு பிடித்தார்கள்: நாங்கள் வேலை கொடுத்தோம், உங்கள் பக்கம் இடைநிற்றல் குறையவே இல்லையே! சண்டை வந்தாலும் எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். இரண்டு பக்கமும் என்ன செய்வோம் என்று எழுதி வைத்திருந்ததால்தான் அப்படிச் சண்டை போடவே முடிந்தது. இங்கே நன்கொடை விழா முடிந்ததும் யார் யாரைக் கேட்பது?

நியூவார்க் நகரம் இதற்கு நேர் எதிர். பேஸ்புக் அதிபர் சக்கர்பெர்க் 2010-இல் அந்த நகரப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அறிவித்தார். பக்கத்தில் மேயரும் ஆளுநரும். அந்த ஊர்ப் பெற்றோர்களுக்கே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. ஆலோசகர்களுக்கு மட்டும் கோடிக்கணக்கில் போயிற்று. கோபப்பட்ட மக்கள் அடுத்த மேயர் தேர்தலில், அந்தப் பணத்தோடு பள்ளிகளில் வந்த மாற்றங்களை எதிர்த்த பள்ளி முதல்வர் ஒருவரை ஜெயிக்க வைத்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஒரு சிறு நகரம். 2005-இல் சில செல்வந்தர்கள், இந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு மாநிலத்து அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தருகிறோம் என்றார்கள். தொடக்கத்திலிருந்தே அங்கு படித்தால் முழுக் கட்டணம், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் 65 சதவீதம். சரிந்துகொண்டிருந்த மாணவர் சேர்க்கை ஏறியது. கொடுத்தவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு டியூப்லைட் கொடுத்தாலே, வெளிச்சம் மறையும் அளவுக்கு அதன் மேல் பெயர் எழுதிவிடுகிறோம்.

ஆனால் இந்தக் கலமசூ உத்தியை நம் மாநிலமே அரசுப் பணத்தில் செய்துகொண்டிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022-இல். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தேர்நோம்பிக்குப் பிறகு பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகப் போகிறோம். சீர்வரிசையில் என்ன வைக்கலாம்? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகக் கொண்டுபோகும் அந்த ஊர்வலம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்குத் தங்கள் பள்ளிக்கும் மரியாதை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. இது புதிதும் இல்லை. காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தபோது, 1958-இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் இப்படித்தான் மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது கல்வி அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்து சி.சுப்பிரமணியம்.

என்ன வைப்பது? சுவர்க் கடிகாரம் வேண்டாம். கல்விச் சீர் வந்த ஒவ்வொரு பள்ளியிலும் தேவைக்கு மேல் கடிகாரம் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். நாப்கின், சோப்பு, முதலுதவிப் பெட்டிக்கான மருந்து, பல அளவுகளில் செருப்பு, கதைப் புத்தகங்கள். புத்தகத்தை வாங்குமுன் பிள்ளைகள் இரண்டு பேரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். பெரியவர்கள் தேர்ந்தெடுத்தால் தலைவர்கள் வாழ்க்கை வரலாறாகவே வந்து சேரும். பெரிய தொகை சேர்ந்தால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக உங்கள் பள்ளிக்கென்றே கொடுக்கலாம், கணக்கும் இருக்கும்.

கேள்வி: வெள்ளிவிழாவுக்கு எங்கள் முன்னாள் மாணவர் குழு, பள்ளி வாசலில் அலங்கார வளைவு கட்ட முடிவு செய்துள்ளது. உங்கள் கருத்து? (வாசகர், ஈரோடு)

பதில்: கட்டாதீர்கள். நகர்ப்புற 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி இரண்டு பங்கை அரசு போடுகிறது. வளைவுக்கு வைத்திருக்கும் தொகையை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு, மாநகராட்சிப் பொறியாளரிடம் போங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், உங்கள் பேத்தி எந்தப் பள்ளியில் படிக்கிறாள்? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: ஐந்தாவது வரை பேருந்து வந்து ஏற்றிப்போகும் பள்ளியில். ஆறாவதில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு என்று நினைக்காதீர்கள். அவளை டாக்டராக்கிவிட வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. நாமக்கல் பக்கம் இருக்கும் விடுதிப் பள்ளிகளின் கட்டணத்தையும் அந்த 7.5 சதவீதத்தையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தார், அவ்வளவுதான். வந்த முதல் மாதமே குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டாராம். தலைமையாசிரியை எனக்குப் போன் போட்டு, "உங்கள் மருமகனைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள், மேடம்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.